மேனேஜருக்கு அடியில் சில புள்ளிகள்

1

முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் கடைசிப் பக்கத்தைத்தான் நான் முதலில் எழுதினேன். எனக்கு அது வழக்கம். எங்கே போய் நிற்கப் போகிறோம் என்று தெரியாமல் ஒரு வரிகூட எனக்கு ஓடாது. முடிவை எழுதி, அச்செடுத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதை நோக்கி மெல்ல நடந்து வருவேன். இதுவரை எழுதிய எல்லாக் கதைகளையும் இப்படித்தான் எழுதினேன், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இந்தத் தடவை கெட்டது. அந்தப் பக்கத்தை ஐந்தரை வயதுக்காரி ஒருத்தி படித்துவிட்டாள்.

அவள் படித்ததுதான் கதை. மற்றதெல்லாம் வெறும்

(வெறும் என்ன? 'வெறும் பின்னணி' என்று எழுத வந்தேன். அந்தப் பின்னணியில்தான் என் மனைவி இருக்கிறாள். அவளை வெறும் பின்னணி என்று எழுதிவிட்டு இந்த வீட்டில் நான் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.)

அடைப்புக்குறிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வளைந்த குறிக்குள் இருப்பது நான் எனக்கே சொல்லிக்கொள்வது. சதுரக் குறிக்குள் இருப்பது என் மனைவி ஓரத்தில் எழுதியது. அவளுக்கு வேலை புரூஃப் பார்ப்பது, அதாவது அச்சுக்குப் போகும்முன் பிழை திருத்துவது. ஒன்பது வருடமாகச் சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியை வளைத்துப் போட்டுக்கொண்டு, வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, சிவப்புப் பேனாவோடு ஊரார் எழுதியதையெல்லாம் படிக்கிறாள். நான் எழுதுவதும் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். வீட்டில் என்னை 'நீ' என்று கூப்பிடுகிறவள், ஓரக்குறிப்பில் மட்டும் 'தாங்கள்' என்பாள். தொழில் மரியாதையாம்.

[மரியாதை மட்டுமல்ல. 'தாங்கள்' என்று எழுதினால் கோபம் வெளியே தெரியாது.]

2

தொடக்கம் ஒன்று: 'பூனைகளுக்கு வயதாவது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒருநாள் திடீரென்று அவற்றின் கண்களில் ஒரு'

வேண்டாம். அடுத்து 'அந்தி' என்ற சொல் வரப்போகிறது. எனக்கே தெரிகிறது.

தொடக்கம் இரண்டு: 'மேனேஜர் இந்த வீட்டுக்கு வந்தபோது அதற்கு மூன்று மாதம்.'

['அதற்கு' அல்ல, 'அவளுக்கு'. இங்கிருந்து கடைசிவரை எல்லா இடத்திலும் மாற்றியிருக்கிறேன். மேலும், மூன்று மாதப் பூனைக்குட்டியாக அவள் வந்தது என்னுடைய பழைய வாடகை அறைக்கு. அப்போது தாங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. இந்த வீட்டுக்கு அவளும் நானும் சேர்ந்துதான் வந்தோம்.]

சரி. மேனேஜருக்கு இப்போது பதினாறு வயது. எங்கள் கல்யாணத்துக்கு ஒன்பது. சாம்பல் நிறம், காதில் பழைய சண்டை ஒன்றின் வெட்டு, யாரையும் நம்பாத முகம். காலையில் எழுந்ததும் ஒவ்வொரு அறையாகப் போய் எட்டிப் பார்ப்பாள். எதையும் பாராட்ட மாட்டாள். எல்லாம் பார்த்து முடித்ததும் வீட்டிலேயே நல்ல நாற்காலியில் ஏறித் தூங்கிவிடுவாள். அதனால்தான் அந்தப் பெயர்.

தொடக்கம் மூன்றை எழுதவில்லை. இனி என் மனைவிக்குப் பக்கத்தில் நின்றபடியே சொல்லப்போகிறேன். என்னையும் 'கணவன்' என்றே எழுதுகிறேன். கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் திட்டுவதற்கு வசதி.

3

இப்போது அந்த ஐந்தரை வயதுக்காரி, எங்கள் மகள். வீட்டில் அவளுக்குப் பெயர் பொடிசு.

இந்தப் பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. படிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். 'குழந்தை இப்படியெல்லாம் பேசுமா, எழுத்தாளர் தன் புத்திசாலித்தனத்தைக் குழந்தை வாயில் திணித்துவிட்டார்' என்பார்கள். ஆகவே நிறையக் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன். நிஜத்தில் நிலைமை இதைவிட மோசம்.

அம்மா மேஜையின் ஒரு முனையில் உட்கார்ந்தால், மறுமுனையில் பொடிசு சிவப்புக் கிரையானோடு உட்கார்ந்துவிடுவாள். எழுத்துக் கூட்டிப் படிக்க அப்போதுதான் ஆரம்பித்திருந்தாள். அதற்கு முன்பே அம்மாவின் குறிகள் அவளுக்கு அத்துப்படி. வேண்டாத சொல்லின் மேல் ஒரு கோடு, கோட்டின் நுனியில் பன்றி வால் மாதிரி ஒரு சுழி: நீக்கு. கூரை மாதிரி ஒரு குறி: இங்கே ஒன்று விட்டுப்போயிருக்கிறது, சேர். மூன்றாவது குறியைத்தான் அவள் ரொம்ப நேரம் விசாரித்தாள்.

"அம்மா, அடிச்சதுக்கு அப்புறம், ஐயோ பாவம்னு தோணிச்சுன்னா?"

"அப்போ அடியில வரிசையா புள்ளி வெச்சிடணும். அடிச்சதுதான் தப்பு, இது இருந்தபடியே இருக்கட்டும்னு அர்த்தம்."

"அடிச்சவங்களுக்குத் திட்டு விழாதா?"

"விழாது. அதுக்குத்தானே புள்ளி."

அதன்பிறகு வீட்டில் எதுவும் தப்பவில்லை. தட்டில் வைத்த பீன்ஸின் மேல் தக்காளி சாஸால் கோடு இழுத்து, பன்றி வால் போட்டு, "இது வேண்டாம்னு போட்டிருக்கேன், பாக்கலையா?" என்றாள். கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு கூரைக் குறி வந்தது. மேனேஜர் விட்டுப்போயிருக்கிறாளாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவன் தூங்கி எழுந்தபோது, அவன் பனியனில் வயிற்றுக்கு நேராகச் சிவப்பில் நீக்கல் குறி இருந்தது.

"யார் இதைப் பண்ணினது?" என்றான்.

"நான் குறி மட்டும்தான் போடுவேன்," என்றாள் பொடிசு. "நீக்கறது உன் வேலை."

[பனியனில் இருந்தவை இரண்டு குறிகள். அடியில் இருந்த புள்ளிகளைத் தாங்கள் மறைத்துவிட்டீர்கள்.]

4

மேனேஜருக்கு அந்த மேஜையில் ஒரு இடம் உண்டு. ஸ்கேலுக்கு மேலேதான் படுப்பாள். எந்த வரியைப் படிக்க வேண்டுமோ அந்த வரியின் மேலேயே வயிறு. என் மனைவி ஒரு கையால் பூனையைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு மறு கையால் திருத்துவாள். பல பேருடைய புத்தகங்கள் இப்படித்தான் பிழையில்லாமல் வந்தன.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் நாற்காலிவரை வந்தாள். மேஜையை அண்ணாந்து பார்த்தாள். பின்னங்கால்களை மடக்கினாள். குதிக்கவில்லை. பிறகு, தான் வந்ததே நாற்காலிக்குத்தான் என்கிற மாதிரி அங்கேயே உட்கார்ந்து முன்னங்காலை நக்க ஆரம்பித்தாள். மனைவி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். மேனேஜர் மானஸ்தி. பார்த்துவிட்டோம் என்று தெரிந்தால் அவளுக்குப் பிடிக்காது.

செவ்வாய்க்கிழமை மிருக வைத்தியரிடம் போனார்கள். மனிதர் நல்ல உயரம், பேச்சு மட்டும் ரகசியம் சொல்கிற மாதிரி. ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை மேஜையில் திருப்பி வைத்தார்.

"கிட்னி ரெண்டும் களைச்சுப்போச்சு. சரி பண்ண முடியாது. ரெண்டு வழி இருக்கு. தினமும் தோலுக்கு அடியில மருந்துத் தண்ணி ஏத்தலாம், வீட்டுலயே பண்ணிக்கலாம், நான் சொல்லித் தரேன். இல்லைன்னா வலியில்லாம தூங்க வெச்சிடலாம். ரெண்டுமே தப்பில்லம்மா."

"எது சரி?"

"தானா எழுந்து நடக்குதா, ஆசையா சாப்பிடுதா, இந்த ரெண்டைப் பாருங்க. வெள்ளிக்கிழமை காலைல வாங்க, முடிவு பண்ணலாம்."

எது சரி, எது தப்பு என்று சொல்வதுதான் அவள் பிழைப்பு. ரெண்டுமே தப்பில்லை என்று யாரும் அவளிடம் இதுவரை சொன்னதில்லை. அவள் கையில் அப்போது இருந்தது தேனீ வளர்ப்பு பற்றிய அறுநூறு பக்கப் புத்தகம். செவ்வாய் மதியம் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஸ்கேலை வைத்தாள். புதன்கிழமை முழுக்க ஸ்கேல் அதே வரியில் இருந்தது. பூனையின் வயிறு இல்லாமல் அந்த வரி சுத்தமாகத் தெரிந்தது. அவளால் படிக்க முடியவில்லை.

தண்ணி ஏற்றினால், பிரிய மனமில்லாமல் ஒரு கிழப் பூனையைக் குத்திக் குத்தி வைத்திருக்கிறோமோ என்று தோன்றும். ஏற்றாவிட்டால், சிரமத்துக்குப் பயந்து பதினாறு வருடத்தை முடித்துவிட்டோமோ என்று தோன்றும். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

(சொல்லாதது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. எழுதிவிட்டு ஓரத்தைப் பார்த்தேன். அவள் எதுவும் எழுதவில்லை, திருத்தவும் இல்லை. சரி என்று எடுத்துக்கொண்டேன்.)

5

இங்கே எங்கள் வீட்டுத் தட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேஜையில் காகிதம் வைக்க இரண்டு தட்டுகள். இடது தட்டு: படிக்க வேண்டியது. வலது தட்டு: முடிந்தது. இடது தட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. வலது தட்டிலிருந்து பொடிசு எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துப் பின்பக்கம் படம் வரையலாம்.

அந்தத் திங்கட்கிழமை, மேனேஜர் மேஜையில் ஏறாததைக் கணவனும் பார்த்தான். உள்ளே போய் ஒரு பக்கம் எழுதினான். நன்றாக வந்திருப்பதாக நினைத்தான். அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் பயம் வந்தது. இடது தட்டில் வைத்தால் அவள் படித்துவிடுவாள். முடித்த பக்கத்தை அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ஆகவே வலது தட்டில், அடியில் செருகி வைத்தான். உலகத்திலேயே அந்தத் தட்டை மட்டும் தினமும் கிளறுகிற ஒரு ஆள் வீட்டில் இருப்பது அவனுக்கு அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பொடிசு ஒரு காகிதத்தை உருவினாள். பின்பக்கம் வரையத்தான் எடுத்தாள். முன்பக்கம் 'மே' என்று ஆரம்பித்தது. அது அவளுக்குத் தெரிந்த எழுத்து.

"மே... னே... ஜர். மேனேஜர்! கா... லை... யில்... எ... ழுந்... தி... ருக்... க... வில்... லை."

விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். பிறகு காகிதத்தோடு சோபாவுக்குப் போனாள். மேனேஜர் சுருண்டு படுத்திருந்தாள். பொடிசு குனிந்து அந்த வெட்டுப்பட்ட காதில் ஊதினாள். மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து, ஆளைப் பார்த்து, திருப்தியில்லாமல் மூடிக்கொண்டாள்.

பொடிசு நேராகக் கணவனிடம் வந்தாள்.

"அப்பா, நீ தப்பா எழுதியிருக்க. நான் போய்ப் பாத்துட்டேன்."

அவன் எழுந்து வருவதற்குள் சிவப்புக் கிரையானால் அந்த வரியின் மேல் கோடு இழுத்து, பன்றி வால் போட்டு, மேஜைக்கு ஓடிவிட்டாள். "அம்மா, அப்பா எழுதினதுல ஒரு பெரிய தப்பு. நானே திருத்திட்டேன்!"

மனைவி வாங்கிப் படித்தாள். அடித்த வரியையும் படித்தாள், அடிக்காத மற்ற இருபத்தைந்து வரிகளையும் படித்தாள். கடைசியில் தேதி இருந்தது. அச்செடுக்கும்போது தேதி போடுவது என் பழக்கம்.

இங்கே 'கணவன்' என்று எழுதி ஒளிந்துகொள்ள முடியாது. நான்தான்.

"திங்கக்கிழமை," என்றாள்.

"கதைக்காகத்தான்மா. சும்மா ஒரு..."

"டாக்டர்கிட்ட போனது செவ்வாய்க்கிழமை. அவர் எதுவும் சொல்றதுக்கு முன்னாடியே நீ முடிச்சிட்ட."

"அப்படியில்ல."

"நான் மூணு நாளா ஒரு வரி தாண்ட முடியாம உட்கார்ந்திருக்கேன். இருக்கட்டுமா, போகட்டுமான்னு தெரியாம. நீ உள்ள உட்கார்ந்து அவளை எடுத்துப் போட்டுட்டு, அதுல ஜன்னல் வெளிச்சம் வேற எழுதியிருக்க."

ஜன்னல் வெளிச்சம் எழுதியிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெளிச்சத்தை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதுதான் இன்னும் வெட்கம்.

[இந்தப் பகுதியில் திருத்தம் எதுவும் இல்லை. தாங்கள் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.]

பொடிசு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "டாக்டர் ஊசி போட்டா மேனேஜருக்குச் சரியாயிடுமா?"

மனைவி அவளைத் தூக்கி மேஜையில் உட்கார வைத்தாள். பொய் சொல்வாள் என்று நினைத்தேன். நானாயிருந்தால் சொல்லியிருப்பேன்.

"சரியாகாதுடா. தினமும் மருந்துத் தண்ணி குடுத்தா கொஞ்ச நாள் நம்மகூட இருப்பா. இல்லைன்னா நாளைக்கே..."

"நாளைக்கே நீக்கிடுவாங்களா?"

மனைவி அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "இன்னும் முடிவு பண்ணல," என்றாள்.

"யாரு முடிவு பண்ணணும்?"

"நான்தான்."

பொடிசு அம்மாவின் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று நாங்கள் அவளைப் பார்க்கிற மாதிரி.

"கஷ்டம்," என்றாள்.

6

வெள்ளிக்கிழமை காலை மனைவி பரணிலிருந்து, மேனேஜரை வைத்தியரிடம் தூக்கிப்போகிற மூடிபோட்ட கூடையை இறக்கினாள். மறுபடி தூசி தட்டினாள். உள்ளே துண்டு விரித்தாள். துண்டை எடுத்து வேறு துண்டு விரித்தாள். பிறகு கூடையோடு சோபாவுக்கு வந்து நின்றாள்.

எங்கள் சோபா உறை வெளிர் நிறம். அதில் மேனேஜர் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடியில், மூக்கிலிருந்து வால் நுனிவரை, ஒரே வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் அழுத்தி வைத்தது. வால் வளைந்த இடத்தில் புள்ளிகளும் வளைந்திருந்தன.

பொடிசு பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கிரையான் கட்டை விரல் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

"அடிச்சவங்களுக்குத் திட்டு விழாது," என்றாள் என்னைப் பார்த்து. "புள்ளி வெச்சாச்சு."

(இங்கே கதை முடிந்திருக்கலாம். நானாக எழுதியிருந்தால் இங்கேதான் முடித்திருப்பேன். புள்ளிகள், பூனை, பெண். ஆனால் புள்ளி வைத்ததால் ஒரு பூனையின் கிட்னி தேறுமா? என் மனைவி அவ்வளவு சுலபத்தில் ஏமாறுகிறவள் இல்லை.)

அவள் கூடையைக் கீழே வைத்தாள். சத்தத்தில் மேனேஜர் விழித்தாள். கூடையைப் பார்த்தாள். அவளுக்குக் கூடையைத் தெரியும். யாரும் தொடவில்லை. தானாக எழுந்தாள், முதுகை வளைத்து நெளித்தாள், ஒவ்வொரு காலாக யோசித்து யோசித்துத் தரையில் இறங்கினாள். கூடையைச் சுற்றிக்கொண்டு தன் கிண்ணத்துக்கு நடந்து போனாள். முகர்ந்தாள். நேற்று வைத்தது என்று தெரிந்ததும் நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்துக் கத்தினாள். ஒரே ஒரு கத்தல், பழைய அதிகாரத்தோடு.

மனைவி புதிதாகப் போட்டாள். மேனேஜர் சாப்பிட்டாள். முழுக்க இல்லை, பாதிக்குக் கொஞ்சம் கூட. நாங்கள் மூன்று பேரும் நின்று ஒரு பூனை சாப்பிடுவதைப் பார்த்தோம்.

"தானா எழுந்தா. ஆசையா சாப்பிட்டா," என்றாள் மனைவி. அழுதுகொண்டே சிரித்தாள். "டாக்டருக்குப் போன் பண்ணு. தண்ணி ஏத்தக் கத்துக்க வரோம்னு சொல்லு."

"அப்போ எப்பவும் இருப்பாளா?" என்றாள் பொடிசு.

மனைவி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"புள்ளி எப்பவும்னு அர்த்தம் இல்லடா. இந்தப் புரூஃப்ல இருக்கட்டும்னு அர்த்தம். அடுத்த புரூஃப் வரும்போது மறுபடி பாப்போம்."

"அடுத்த புரூஃப் எப்ப?"

"நாளைக்குக் காலைல."

பொடிசு யோசித்துத் தலையாட்டினாள். "எனக்குப் புதுக் கிரையான் வேணும்," என்றாள்.

7

இப்போது தினமும் காலையில் மருந்துப் பையைத் துணி மாட்டுகிற கொக்கியில் தொங்கவிடுகிறோம். மேனேஜர் மனைவியின் மடியில். தோளுக்குப் பின்னால் தோலைத் தூக்கி ஊசியைச் செருகுவது அவள்தான். பையை நான் பிடித்துக்கொள்கிறேன். தண்ணீர் இறங்க இறங்க மேனேஜரின் முதுகில் ஒரு மூட்டை எழும்பும். "பாவம், ஆபீஸ் பையை மாட்டிக்கிட்டா," என்பாள் பொடிசு. நூறுவரை எண்ணுவது அவள் பொறுப்பு. நாற்பதிலிருந்து நேராக அறுபதுக்குத் தாவுவாள், பிறகு ஏதோ குறைகிற மாதிரி தோன்றி மறுபடி முப்பதுக்கு வருவாள். எப்படியோ தண்ணீர் இறங்குவதற்கும் எண்ணி முடிப்பதற்கும் சரியாக இருக்கிறது. ஊரார் தப்பையெல்லாம் திருத்துகிற என் மனைவி இதை மட்டும் திருத்துவதில்லை.

தேனீப் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. மேஜைப் பக்கத்தில் ஒரு உயரமான முக்காலி போட்டிருக்கிறோம். மேனேஜர் நாற்காலி, முக்காலி, மேஜை என்று மூன்று தவணையாக ஏறி ஸ்கேலின் மேல் படுக்கிறாள். சோபா உறையை இன்னும் துவைக்கவில்லை.

இனி முடிவு. சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் பத்து வருடம் கழித்து, பொடிசு வளர்ந்து, ஒரு பழைய சோபா உறையை எடுத்து

[இருபத்தாறு வயதுப் பூனையா? அல்லது பூனை இல்லாமலா? தாங்கள் தெளிவுபடுத்த வேண்டும்.]

இரண்டாவது முடிவில் ஒரு காலை நேரம், மனைவி கிண்ணத்தில் வைத்த சாப்பாடு அப்படியே இருக்கிறது. பொடிசு கிரையானை எடுக்கிறாள், பிறகு தானே

இதை நான் முடிக்கவில்லை. இந்த முடிவு என்றைக்கோ ஒருநாள் வரும், எங்களுக்குத் தெரியும், பொடிசுக்கும் தெரியும். வருகிற நாளில் வரட்டும். நான் முன்னால் ஓடிப்போய் அதை அழைத்துக்கொண்டு வர மாட்டேன்.

ஆகவே இந்தத் தடவை கடைசிப் பக்கத்தைக் காலியாகவே அச்செடுத்து இடது தட்டில் வைத்தேன். மதியம் திரும்பி வந்தது. மேல் ஓரத்தில் சிவப்பில் மூன்று வரி.

[பக்கம் காலியாக இருக்கிறது. இப்படியே போகட்டும். நீ பயப்படாதே.]

'நீ' என்று எழுதியிருந்தாள். காலிப் பக்கத்தின் அடியில், ஒன்றுமில்லாததற்குக் கீழே, இரண்டு கைகள் வைத்த புள்ளிகள் இருந்தன. பேனாவில் வைத்தவை சின்னவை, கிரையானில் வைத்தவை பெரியவை.

அந்தப் பக்கத்தை உங்களிடம் தருகிறேன். உங்களுக்கு ஒரு முடிவு தோன்றினால் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது ஒரே ஒரு விதிதான். எழுதுவதற்கு முன்னால் சோபாவரை ஒரு நடை போய், குனிந்து, காதில் ஊதிப் பார்த்துவிட்டு வர வேண்டும்.